முப்பத்தொரு மணி நேரம்

வலங்கைமான்
17.2.2025

தம்பி பிரகாசுக்கு,

நீ போனை எடுக்காவிட்டால் அக்கா வாயை மூடிக்கொள்வாள் என்று நினைத்தாயாக்கும். தபால்காரர் இன்னும் நம் தெருவுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார். ஒன்பது நாளாக அடித்துப் பார்த்துவிட்டுத்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன்.

"பாடை" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் லைனைத் துண்டித்தாய். சின்னப் பிள்ளையா நீ? முப்பத்து மூன்று வயது. கடலுக்கு அடியில் போகிறவன். அக்கா சொல்லும் ஒரு வார்த்தைக்குப் பயந்து ஓடுகிறாய்.

போன ஐப்பசியில் நடந்ததை உனக்கு ஒருமுறை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். நீ அதைக் கேட்கவே இல்லை. உன் நீர்மூழ்கிப் படகு வியாழக்கிழமை திரும்ப வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் பேராவூரணியிலிருந்து கமருன்னிஸா போன் செய்தாள். அதுவரை நான் அவள் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. "அக்கா, எங்க வீட்டுக்காரரும் உங்க தம்பியும் ஒரே படகுல இருக்காங்க. இன்னும் வரலையாம். உங்களுக்கு எதுனா தெரியுமா?" என்றாள். உங்கள் அலுவலகத்துக்கு நானே போன் செய்தேன். "சொல்வதற்கு ஒன்றுமில்லை அம்மா" என்றார் ஒருவர். மறுபடி செய்தேன். அதையே சொன்னார். அவர் குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மழையில் நனைந்துகொண்டே மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். உன்னை உயிரோடு கொடுத்தால் பங்குனியில் பாடைக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். திங்கட்கிழமை நீ பேசினாய். அவ்வளவுதான் கதை.

பங்குனி இரண்டாவது ஞாயிறு, மார்ச் இருபத்து மூன்று. நீ செய்ய வேண்டியது ஒன்றும் பெரிதில்லை. பச்சை மூங்கிலில் கட்டிய பாடையில் பிணம் மாதிரி கண்ணை மூடிப் படுத்திருக்க வேண்டும். நெற்றியில் காசு வைத்துக் கட்டுவார்கள், நாலு பேர் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றுவார்கள், கோயில் வாசலில் பூசாரி தீர்த்தம் தெளித்ததும் எழுந்து நடந்து வரலாம். சாகக் கிடந்து பிழைத்தவர்கள் வருஷம் தவறாமல் எத்தனை பேர் படுக்கிறார்கள். ஒரு மணி நேரம். அதற்கு மேல் ஆகாது.

சம்பா அறுப்பு முடிந்துவிட்டது. உளுந்து முளைத்திருக்கிறது. மஸ்கட்டிலிருந்து உன் அத்தான் உன்னைக் கேட்டார். நல்லா இருக்கான் என்று பொய் சொன்னேன்.

வந்துவிடு.

மங்களம்


கடற்படைக் குடியிருப்பு
26.2.2025

அக்கா,

கடிதம் வந்தது. உன் கையெழுத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது, படித்ததும் போய்விட்டது.

வர முடியாது. மார்ச் இருபத்தொன்பதாம் தேதி மறுபடி கிளம்புகிறோம். அதற்கு முன் பத்து நாள் யாருக்கும் விடுப்பு இல்லை. இது சாக்கு என்று நீ சொல்வாய். பாதி சாக்குதான்.

மீதிப் பாதியையும் சொல்கிறேன். என் உடம்பை நேர்ந்துவிட நீ யார்? என்னைக் கேட்டாயா? போன புரட்டாசியில் அப்பாவின் ஆயில் எஞ்சினை விற்றாய். அதற்கும் என்னைக் கேட்கவில்லை. நான் கிளம்புவதற்கு முதல் நாள் ஒரு கடிதம் வந்தது, "வயலுக்குக் கரண்ட் கனெக்‌ஷன் வந்துவிட்டது, பழைய எஞ்சினைக் கொடுத்துவிட்டேன்" என்று. அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் நீதான், இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக எல்லா முடிவையும் நீயே எடுத்துவிட்டு எனக்குத் தகவல் மட்டும் அனுப்புவது என்ன நியாயம்?

நீ பயப்படுவதற்கும் ஒன்றுமில்லை. எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், நீ காதில் போட்டுக்கொள்வதில்லை. எங்களுடையது டீசல் படகு. தண்ணீருக்கு அடியில் டீசல் எஞ்சின் ஓடாது, பேட்டரியில்தான் போவோம். பேட்டரியில் போகும்போது கடலில் மீன் போகிற சத்தத்தைவிட எங்கள் சத்தம் குறைவு. அணுசக்தியில் ஓடும் பெரிய படகுகளில்கூட ஏதாவது ஒரு பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். எங்களுக்கு அதுவும் இல்லை. பேட்டரி இறங்கும்போது மட்டும் மேலே வந்து, ஒரு குழாயைத் தண்ணீருக்கு மேல் நீட்டிக் காற்றை இழுத்து, டீசல் எஞ்சினை ஓட்டி சார்ஜ் ஏற்ற வேண்டும். அந்த நேரம்தான் ஆபத்து. அந்தச் சத்தம் பல மைல் கேட்கும். மேலே வரலாமா கூடாதா என்பதை சோனார் என்கிற ஒலி கேட்கும் கருவியில் காது வைத்துக் கேட்டுச் சொல்பவன் நான். மற்ற நேரமெல்லாம் எங்களை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. சத்தமில்லை என்றால் நன்றாக இருக்கிறோம் என்று அர்த்தம்.

பாடையில் படுக்க மாட்டேன். ஏன் என்று கேட்காதே.

பிரகாஷ்


வலங்கைமான்
6.3.2025

பிரகாசுக்கு,

ஏன் என்று கேட்காதே என்று எழுதினால் நான் கேட்காமல் இருப்பேனா? உன்னிடம் கேட்டால் வராது என்று தெரிந்து வேறு இடத்தில் கேட்டேன்.

நீடாமங்கலம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை என்று பஸ் மாறி மாறி நேற்று பேராவூரணி போனேன். கமருன்னிஸா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நோன்பு மாதம், அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் எனக்குச் சோறு ஆக்கிப் போட்டாள். அவள் வீட்டுக்காரர் மீரா உசேன் தென்னந்தோப்பில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சிறுநீரகக் கல் என்று டாக்டர் அவரை நோன்பு வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். வெட்கப்பட்டுக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டித் தண்ணீர் குடித்தார்.

உன் படகில் நாற்பது நாள் சமைத்துப் போட்டவர். ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்து இரண்டு மாதமாகிறது. நீ ஒரு போன் செய்யவில்லை.

"பிரகாசு நல்லா இருக்கானாக்கா?" என்று முதலில் கேட்டார். நல்லா இருக்கான் என்றேன். "கை ஆறிருச்சா?" என்றார்.

பொங்கலுக்கு நீ வந்தபோது வலது கையில் கட்டு. ஏதோ இரும்புக் கதவில் நசுங்கிவிட்டது என்றாய். சர்க்கரைப் பொங்கலை ஸ்பூனால் சாப்பிட்டாய். நான் ரசம் ஊற்றிவிட்டு உன்னைக் கேலி செய்தேன், வெள்ளைக்காரன் ஆகிவிட்டாய் என்று.

"எந்தக் கை?" என்று அவரைக் கேட்டேன். "அவன் சொல்லலையா? என் பல்லு பட்டதுதான்க்கா அது" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. கமரு உள்ளே இருந்து வருவதைப் பார்த்ததும் பேச்சை மாற்றிவிட்டார்.

ஒரு மனிதர் உன் கையைப் பொங்கல்வரை ஆறாத அளவுக்கு ஏன் கடிக்க வேண்டும்? நீ அவரை என்ன செய்தாய்?

அவரை ஃபிட் என்று சொல்லிவிட்டார்களாம். இருபத்தொன்பதாம் தேதி அவரும் உன்னோடு வருகிறார். என்னிடம் பொய் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நாற்பது நாள் எப்படி இருப்பாய்?

எழுது. இல்லாவிட்டால் நானே அங்கே கிளம்பி வருவேன். வருவேன் என்று உனக்குத் தெரியும்.

மங்களம்


14.3.2025

அக்கா,

இது தபாலில் வரும் கடிதம் இல்லை. வைரக்கண்ணு நாலு நாள் விடுப்பில் நீடாமங்கலம் வருகிறான், அவசரம் என்று அவனுக்கு மட்டும் கொடுத்திருக்கிறார்கள். என்னோடு சோனாரில் உட்காருபவன். உன் கையில் கொடுப்பான். படித்ததும் கொளுத்திவிடு. எங்கே நடந்தது, மேலே இருந்தது யாருடைய கப்பல் என்பதை எழுத மாட்டேன்.

இருபத்தாறாவது நாள். பேட்டரி கால்வாசிக்குக் கீழே போய்விட்டது. சார்ஜ் ஏற்ற மேலே வர வேண்டும். நான் ஹெட்போனில் இருந்தேன். வடகிழக்கில் ஒரு சத்தம். ஒற்றை எஞ்சின், தட் தட் தட் என்று, நடுவில் ஒரு அடி தவறி விழும். கேப்டன் என்ன என்று கேட்டார். அப்படிப்பட்ட சத்தத்தைப் பத்து நிமிஷமாவது கேட்க வேண்டும். அடிகளை எண்ண வேண்டும், பதிவோடு ஒப்பிட வேண்டும். நான் இரண்டு நிமிஷத்தில் "மீன்பிடிப் படகு சார்" என்று சொல்லிவிட்டேன்.

ஏன் சொன்னேன் தெரியுமா? அது நம் ஆயில் எஞ்சின் சத்தம் மாதிரியே இருந்தது. வயலில் அப்பா ஓட்டும்போது அதுவும் அப்படித்தான் ஒரு அடி தவறும். நீ அதை விற்றுவிட்டாய் என்ற கடிதம் என் பையில் இருந்தது. இருபத்தாறு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும், அக்கா, எனக்கு சந்தோஷமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் கேட்கலாம் என்றிருந்தது. அதில் சந்தேகப்பட எனக்கு மனசு வரவில்லை.

அது மீன்பிடிப் படகு இல்லை. ஒரு போர்க்கப்பல் எல்லா எஞ்சினையும் நிறுத்திவிட்டு, ஒரு சின்ன ஜெனரேட்டரை மட்டும் ஓட்டிக்கொண்டு எங்களுக்காகக் காத்துக்கிடந்தது. நாங்கள் குழாயை நீட்டி டீசலைக் கிளப்பிய பன்னிரண்டாவது நிமிஷம் அதன் பெரிய எஞ்சின்கள் உயிர் பெற்றன. உடனே மூழ்கினோம். மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் கலந்து மேல்பக்கம் உப்பு குறைந்தும் அடியில் குளிர்ந்தும் இருக்கும். இரண்டும் சேரும் இடத்தில் மேலிருந்து வரும் ஒலி வளைந்து விலகிவிடும். அதற்குக் கீழே போய்க் கடல் தரையில் உட்கார்ந்தோம். எல்லாவற்றையும் நிறுத்தினோம். ஃபேன் இல்லை, ஏசி இல்லை, அடுப்பு இல்லை. காலில் சாக்ஸ். வேலை இல்லாதவர்கள் படுக்கையில் அசையாமல் கிடக்க வேண்டும், காற்று மிச்சமாகும். ரஸ்க்கைக்கூடத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் தின்றோம், கடிக்கிற சத்தம் வரக் கூடாது என்று.

முப்பத்தொரு மணி நேரம் அப்படிக் கிடந்தோம். மேலே அந்தக் கப்பல் போவதும் திரும்புவதுமாக இருந்தது. அது அனுப்பும் ஒலி எங்கள் இரும்பில் வந்து 'டிங்' என்று பட்டுப் போகும். ஒவ்வொரு முறையும் ஐம்பத்திரண்டு பேரும் மேலே பார்ப்போம்.

ஏழாவது மணி நேரத்தில் மீரா உசேனுக்கு வலி வந்தது. கல். மருத்துவ உதவியாளரிடம் இருந்த ஊசி எல்லாம் போட்டாயிற்று. துண்டை வாயில் அடைத்துக்கொண்டார். இருபதாவது மணி நேரத்தில் அதுவும் போதவில்லை. மாடு அடித்தொண்டையில் கத்துவது போல ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது. அப்போது கப்பல் நேராக எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. அதிகாரி என்னைப் பார்த்தார். சோனாரில் என் முறை முடிந்து வைரக்கண்ணு உட்கார்ந்திருந்தான். நான்தான் பக்கத்தில் இருந்தேன்.

அவர் மேல் ஏறிப் படுத்து வாயைப் பொத்தினேன். கடித்தார். எடுக்கவில்லை. கப்பல் தண்ணீரைத் தள்ளும் விசிறிச் சத்தம் ஹெட்போன் இல்லாமலேயே எல்லோருக்கும் கேட்டது, தலைக்கு மேலே. அப்போது அவர் உடம்பு சட்டென்று தளர்ந்துவிட்டது. பல் விட்டது. கை விழுந்தது. என் கை மரத்துப் போயிருந்ததால் மூச்சு படுகிறதா என்று தெரியவில்லை. பார்க்க வேண்டுமானால் கையை எடுக்க வேண்டும். எடுத்து, அவர் உயிரோடு இருந்தால், கத்திவிடுவார்.

செத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். நான் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே இருபது நிமிஷம் கையை எடுக்காமல் படுத்திருந்தேன்.

கப்பல் விலகியதும் கையை எடுத்தேன். மூச்சு இருந்தது. அதன் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை, நானும் பேசவில்லை. முப்பத்தோராவது மணி நேரத்தில் கப்பல் போய்விட்டது, நாங்கள் நகர்ந்து மேலே வந்தோம், சுற்று வழியில் வந்ததால் நாலு நாள் தாமதமாகிவிட்டது. கரைக்கு வந்ததும் அவரை நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

கேப்டன் தன் அறிக்கையில் "மீன்பிடிப் படகுகளின் சத்தத்தால் குழப்பம்" என்று எழுதினார். அங்கே மீன்பிடிப் படகே இல்லை. நான் இரண்டு நிமிஷம்தான் கேட்டேன் என்பதும் எதை நினைத்துக்கொண்டு கேட்டேன் என்பதும் யாருக்கும் தெரியாது. எல்லோரும் என்னைத் தட்டிக்கொடுத்தார்கள், கையில் கட்டைப் பார்த்து.

சொன்னால் சோனாரிலிருந்து எடுத்துவிடுவார்கள். பதினைந்து வருஷமாக எனக்குத் தெரிந்த ஒரே வேலை அது. இப்போது என்னைப் பாடையில் கட்டிக் கண்ணை மூடு என்கிறாய். கண்ணை மூடினால் எனக்குக் கீழே அவர் உடம்பு தளர்கிறது. என்னால் முடியாது அக்கா.

பிரகாஷ்


வலங்கைமான்
24.3.2025

பிரகாசுக்கு,

கொளுத்தச் சொன்னாய், கொளுத்திவிட்டேன். அதற்கு முன் மூன்று முறை படித்தேன். உடனே பதில் எழுதக் கை வரவில்லை. வைரக்கண்ணு திரும்பும்போது கேட்டான், "அக்கா, எதாவது குடுத்துவிடணுமா?" என்று. ஒன்றுமில்லை போ என்றேன். இன்று எழுதி அவசரத் தபாலில் அனுப்புகிறேன்.

நேற்று நான் பாடையில் படுத்தேன்.

பூசாரியிடம் போய், என் தம்பிக்கு வர முடியவில்லை, என்ன செய்வது என்றேன். "வேண்டிக்கிட்டது நீதானே? அவனா வேண்டிக்கிட்டான்? நீயே படு" என்றார். சரிதானே. நீ கேட்ட கேள்விக்கும் அதுதான் பதில். உன் உடம்பை நேர்ந்துவிட நான் யாரும் இல்லை. எஞ்சினையும் உன்னிடம் கேட்டிருக்க வேண்டும்.

மஞ்சள் நீரில் குளிப்பாட்டிப் புதுப் புடவை கட்டி, கை காலைச் சேர்த்துக் கட்டி, நெற்றியில் காசு வைத்தார்கள். வெயில். பறையடி காதுக்குப் பக்கத்தில். உதட்டில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. ஓட்டக் கூடாது. ஓட்டினால் பிணம் என்ன பிணம்? ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும், எனக்கு ஐந்து மணி நேரம் மாதிரி இருந்தது. அப்போதுதான் முப்பத்தொன்று என்று நீ எழுதிய எண் என் மண்டையில் ஏறியது. பாடையிலேயே அழுதுவிட்டேன். பக்கத்தில் யாரோ "பொணம் அழுவுது பாரு" என்று சிரித்தார்கள்.

மீரா உசேனும் கமருவும் வந்திருந்தார்கள். நான்தான் வரச் சொன்னேன். அவர் என் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பாடைக்குப் பின்னாலேயே நடந்தார். தீர்த்தம் தெளித்து நான் எழுந்த பிறகு, கமரு கடைப்பக்கம் போன நேரம் பார்த்து, அவரிடம் சொல்லிவிட்டேன். கை விஷயத்தை மட்டும். நீ அவர் செத்துவிட்டார் என்று நினைத்ததை. நினைத்தும் எடுக்காததை. உன்னைக் கேட்காமல் இன்னொரு காரியம், திட்டிக்கொள்.

அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அய்ய, கல்லு எறங்கிருச்சுக்கா! அந்த நேரத்துல சட்டுனு எறங்கிருச்சு. வலி போன சொகத்துல தூங்கிட்டேன். பதிமூணு மணி நேரமா துடிச்சவன் தூங்காம என்ன செய்வேன்? அவன் பேசாததைப் பார்த்து, நான் சத்தம் போட்டு எல்லாரையும் மாட்டிவிடப் பாத்தேன்னு என்மேல கோவமா இருக்கான்னுல்ல நெனைச்சேன்?"

ஐந்து மாதம். நீ அவரைக் கொல்லப் பார்த்ததாக நினைத்து அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நீ கோபமாக இருப்பதாக நினைத்து அவர் உன் முகத்தைப் பார்க்கவில்லை. உங்களுக்கெல்லாம் வாயே கிடையாதா? சத்தம் போடாமல் இருந்து பழகிப் பழகி இரண்டு பேரும் ஊமையாகிவிட்டீர்களா?

பிறகு அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "ஆனா அவன் எடுக்கலை, இல்ல?" என்றார். "அவன் எடத்துல நானா இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். ஆனாலும் அதை அவன் என்கிட்ட சொல்லியிருக்கணும்க்கா."

காது விஷயத்தை நான் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது. அவர் உன் காதை நம்பி ஏறப் போகிறார். சென்ற முறை எஞ்சின் நினைப்பு. இந்த முறை அவர் உடம்பு தளர்வது உனக்குக் கேட்டுக்கொண்டிருக்குமே, அதில் எதை எதுவென்று சொல்வாய்? வேலை போனால் போகட்டும் என்று நான் சொல்லவில்லை, அது எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். கேப்டனிடம் போய்ச் சொல். இருபத்தொன்பதுக்கு முன்னால் சொல்.

மங்களம்


கடற்படைக் குடியிருப்பு
30.3.2025

அக்கா,

சொல்லிவிட்டேன்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமைதான் வந்தது. நேற்றுக் காலை ஆறு மணிக்குக் கேப்டன் அறைக்குப் போனேன். முழுதாகக் கேட்டார். "எவ்வளவு நேரம் கேட்டாய்?" என்றார். இரண்டு நிமிஷம் என்றேன். "நான் எவ்வளவு நேரம் கொடுத்தேன்?" என்றார். நீங்கள் அவசரப்படுத்தவில்லை சார் என்றேன். பேனாவை எடுத்துப் பட்டியலில் என் பெயரை அடித்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

என் நாற்காலியில் வைரக்கண்ணு உட்காருகிறான். நல்லவன், கவனமானவன், ஆனால் நாலு வருஷ அனுபவம்தான். கேப்டனிடம் அதையும் சொன்னேன். "அவன் தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்வான்" என்றார். சல்யூட் அடித்துவிட்டு வெளியே வந்தேன்.

படகு கிளம்பும் நேரம் படித்துறை மாதிரி நீண்ட மேடையில் நின்றேன். மீரா உசேன் ஏறுவதற்கு முன் என்னிடம் வந்தார். என் வலது கையைப் பிடித்து இழுத்துத் தழும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா பதிஞ்சிருக்குல்ல" என்றார். நான் ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. கை சரியில்லாததால் நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. நான் திருத்தவில்லை. நேரம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேரம் இருந்தது.

நாளை நோன்புப் பெருநாள். கமருவிடம் என் வாழ்த்தைச் சொல்.

பிரகாஷ்


வலங்கைமான்
8.4.2025

தம்பிக்கு,

நீ போகவில்லை என்று படித்ததும் எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன். அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

மறுநாளே பேராவூரணி போனேன். பெருநாள் கழிந்திருந்தும் கமரு எனக்காகப் பிரியாணி வைத்தாள். "பிரகாசு கரையில இருக்குறது எனக்குத் தைரியமா இருக்குக்கா. எதுனா ஒண்ணுன்னா சொல்லிரும்ல" என்றாள். சோறு இறங்கவில்லை எனக்கு. என் தம்பி இங்கே, அவள் புருஷன் அங்கே. என் சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் ஒளித்துவைப்பேன்? நீ ஏன் போகவில்லை என்று அவள் கேட்டாள். தெரியாது என்று சொல்லிவிட்டேன். நானும் உன்னை மாதிரி ஆகிவிட்டேன்.

அவள் போன் செய்தால் எடு. என் போனை எடுக்காவிட்டாலும் அவள் போனை எடு.

மங்களம்


கடற்படைக் குடியிருப்பு
18.4.2025

அக்கா,

இப்போது எனக்கு அலுவலகத்தில் வேலை. செய்திகள் வந்து சேரும் அறைக்குப் பக்கத்து அறை. என்ன வருகிறது, என்ன வரவில்லை என்பதை நான் எழுதக் கூடாது. வர வேண்டிய ஒன்று நாலு நாளாக வரவில்லை. அவ்வளவுதான் எழுத முடியும்.

இதற்கு நல்ல அர்த்தமும் உண்டு. பக்கத்தில் யாராவது காது வைத்துக்கொண்டு இருந்தால் படகு பேசாது, பேசக் கூடாது. எங்கோ அடியில் ஃபேனை நிறுத்திவிட்டு, சாக்ஸ் போட்டுக்கொண்டு, ஊறின ரஸ்க்கைத் தின்றுகொண்டு சமர்த்தாகக் கிடக்கலாம். சத்தமில்லை என்றால் நன்றாக இருக்கிறோம் என்று நான்தானே உனக்கு எழுதினேன். உள்ளே இருந்தபோது அதை நம்பினேன். எதிரிக்குக் கேட்காத படகு நமக்கும் கேட்காது என்பது கரையில் நிற்கும்போதுதான் தெரிகிறது. வைரக்கண்ணு என்ன கேட்கிறான், எத்தனை நிமிஷம் கேட்கிறான் என்று நினைத்து நினைத்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. நான் போயிருந்தால் நன்றாக இருந்திருக்குமா, மோசமாக இருந்திருக்குமா? இரண்டுக்கும் என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை.

நேற்று கமரு போன் செய்தார். எடுத்தேன். "தம்பி, எதுனா தெரியுமா?" என்றார்.

"சொல்வதற்கு ஒன்றுமில்லை அக்கா" என்றேன்.

என் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. எனக்கே கேட்டது. போனை வைத்துவிட்டுக் கழிவறைக்குள் போய்த் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அங்கே யாருக்கும் கேட்கக் கூடாதென்று இல்லை. பழக்கம்.

ஐப்பசியில் அந்த நாலு நாளும் நீ தனியாக எப்படி இருந்தாய்? நான் ஒருமுறைகூட உன்னைக் கேட்டதில்லை.

இங்கே வர இரண்டு டிக்கெட் போட்டிருக்கிறேன், அடுத்த வியாழக்கிழமை கும்பகோணத்திலிருந்து. ஒன்று உனக்கு, ஒன்று கமருவுக்கு. என்ன காரணம் என்று அவர் கேட்டால் தெரியாது என்று சொல்லாதே, பிரகாஷ் சொல்வான் என்று சொல். அவர் புருஷன் போன படகில் நான் ஏன் இல்லை என்பதை அவர் முகத்தைப் பார்த்து நானே சொல்ல வேண்டும். படகிலிருந்து செய்தி வருவதற்கு முன்னால் சொல்ல வேண்டும். நல்ல செய்தி வந்த பிறகு சொன்னால் அது சொன்னதாகாது. வேறு மாதிரி வந்துவிட்டால் என் வாயில் வராது.

நான் சொல்லும்போது நீ பக்கத்தில் இரு. அவர் என்ன செய்தாலும் நடுவில் வராதே.

பிரகாஷ்